டர்போ மேனிஃபோல்டு வெல்டிங் ஓரத்திலேயே ஏன் விரிசல் விடுகிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான். பழைய எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் எஞ்சினில் டர்போ ஏற்றி, டிராக்கில் மட்டும் ஓட்டுகிறீர்கள். மேனிஃபோல்டு, அதாவது எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பு, 1.5 மி.மீ. சுவருள்ள 304 ஸ்டெயின்லெஸ் பைப்பில் ஆர்கான் வெல்டிங் வைத்துச் செய்தது. நான்கு சிலிண்டரிலிருந்தும் வரும் பைப்கள் (ரன்னர்கள்) கூடுகிற கலெக்டரில், வெல்டிங்கை ஒட்டியே விரிசல். மேலேயே இரண்டு முறை வெல்டு வைத்துப் பார்த்தும் அதே இடத்தை ஒட்டியே திரும்ப விட்டுவிட்டது. பைப் சரியில்லை என்கிறார் வெல்டர், வெல்டிங் சரியில்லை என்கிறார் பைப் விற்றவர். நீங்கள் யாரை நம்புவது?

நீங்கள் அனுப்பிய படங்களை வைத்துச் சொல்கிறேன். வெல்டர் கை நல்ல கைதான். வெல்டு வரிசை சீராக, அடுக்கு அடுக்காக விழுந்திருக்கிறது. விரிசல் அந்த வரிசையின் நடுவில் இல்லை, அதன் ஓரத்தை ஒட்டி, பைப்பின் பக்கமாக ஓடுகிறது. வெல்டு உலோகம் தாங்கிவிட்டது, பக்கத்துப் பைப் தாங்கவில்லை என்று அர்த்தம். அதன் மேலேயே இன்னொரு வரிசை ஏற்றினால் ஓரம் சற்றுத் தள்ளிப் போகும், விரிசலும் கூடவே தள்ளிப் போகும். அதைத்தான் இரண்டு முறை பார்த்துவிட்டீர்கள். ஆக, வெளியே தெரிகிற வெல்டிங்கின் அழகை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. சூட்டில் நீளும் பைப்புக்கு நீள இடம் இருக்கிறதா, வெல்டின் உள்பக்கம் எப்படி இருக்கிறது, டர்போவின் எடையை யார் சுமக்கிறார்கள் என்று மூன்றையும் பார்க்க வேண்டும்.

முதலில் சூடு. பெட்ரோல் டர்போ எஞ்சினை டிராக்கில் மிதித்து ஓட்டும்போது டர்பைனுக்கு (டர்போவில் புகை சுழற்றும் சக்கரம்) முன்னால் புகையின் வெப்பம் 850 முதல் 950 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணமாகப் போகும். பைப்பின் உலோகம் 800 டிகிரியைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 304 ஸ்டெயின்லெஸ் அந்தச் சூட்டில் 250 மி.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய மூன்றரை மி.மீ. நீளும். மைல்டு ஸ்டீல் இதைவிடக் கணிசமாகக் குறைவாகத்தான் நீளும். ஒரு முனை எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது, மறுமுனை கலெக்டரில் மற்ற மூன்று பைப்போடு ஒட்டியிருக்கிறது. அந்த மூன்றரை மி.மீ. எங்கே போகும்? போக இடமில்லாததால் பைப் தன்னையே அமுக்கிக்கொள்கிறது. 800 டிகிரியில் 304-இன் பலம் சாதாரண வெப்பநிலையில் இருப்பதில் பாதிகூட இருக்காது. அதனால் சூட்டில் நசுங்கி நிரந்தரமாகக் குட்டையாகிவிடும். எஞ்சின் ஆறும்போது குட்டையான அந்தப் பைப் இரண்டு பக்கமும் இழுபடும். ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் இதே நசுங்கலும் இழுப்பும் நடக்கிறது. இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பது போன்ற வேலைதான்.

இழுப்பு ஆறும்போது வருவதால்தான் ஒரு அடையாளம் கிடைக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம், ஐந்து பத்து நிமிடம் ஓடியதும் காணாமல் போய்விடும். பலர் அதை டேப்பட் சத்தம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். விரிசல் ஆறிய நிலையில் திறந்திருக்கிறது, சூடேறியதும் பைப் நீண்டு அதை மூடிவிடுகிறது. சத்தம் தானாக நின்றதால் பிரச்சினை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். விரிசலை ஒட்டிக் கரும்புகை படிந்த மெல்லிய கோடு இருக்கும், டார்ச் அடித்துத் தேடினால் தெரியும்.

கலெக்டரிலேயே ஏன் என்றால், ஒவ்வொரு ரன்னரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் புகையை வாங்குகிறது. கலெக்டர் நான்கு சிலிண்டரின் புகையையும் இடைவெளியே இல்லாமல் வாங்குகிறது. மேனிஃபோல்டிலேயே அதிகச் சூடு அங்கேதான். நான்கு பைப்பின் நீட்சியும் வந்து முட்டுவதும் அங்கேதான். அதோடு வெல்டிங் வரிசைகள் எல்லாம் தொடங்குவதும் முடிவதும் அந்தக் கூர்முனையில்தான். டர்போவின் பாரமும் அங்கேயே தொங்குகிறது. கெட்டது அத்தனையும் ஓரிடத்தில் கூடினால் அங்கேதான் விடும்.

கார் கம்பெனிகள் இந்தச் சிக்கலைத் தடிமனான வார்ப்பில் தீர்த்தன. சிலிக்கானும் மாலிப்டினமும் கலந்த வார்ப்பிரும்பு, சூடு இன்னும் கூடினால் நிக்கல் அதிகமுள்ள வார்ப்பிரும்பு அல்லது வார்ப்பு ஸ்டெயின்லெஸ். வெல்டு இல்லை, சுவர் தடிமன், வடிவம் குட்டை. ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின் ஒரு படி மேலே போனது. மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டில் வந்த எஞ்சின்தான் அது. அதில் மேனிஃபோல்டு தனியாகவே கிடையாது, அலுமினிய ஹெட்டுக்குள்ளேயே வார்த்து, சுற்றிலும் கூலன்ட் ஓடவிட்டிருக்கிறார்கள். நாம் பட்டறையில் செய்யும்போது அந்த வசதி இல்லை. நமக்குப் பைப், எல்போ, ஃபிளாஞ்ச் (ஹெட்டில் போல்ட் போடும் தகடு), வெல்டு இவைதான். அதனால் ஒவ்வொரு வெல்டும் ஒழுங்காக இருந்தே ஆக வேண்டும்.

இனி உள்பக்கம். பெரும்பாலான பட்டறைகளில் கோட்டை விடுவது இங்கேதான். ஆர்கான் வெல்டிங்கில் டார்ச்சிலிருந்து வரும் கேஸ் வெளிப்பக்கத்தை மட்டும்தான் காக்கும். உருகிய உலோகம் பைப்பின் உள்ளே எட்டிப் பார்க்கும் இடத்தில் வெறும் காற்றுதான் இருக்கிறது. ஸ்டெயின்லெஸ்ஸில் இருக்கும் குரோமியம் அந்தச் சூட்டில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு எரிந்து, கருப்பாக, பொரபொரவென்று சர்க்கரை கருகியது போலப் பொங்கி நிற்கும். வெல்டர்கள் 'சுகரிங்' என்பது இதைத்தான். வெளியே பொன்னிறத்தில் மின்னுகிற வெல்டு, உள்ளே பள்ளமும் முள்ளுமாக இருக்கும். ஒவ்வொரு பள்ளமும் ஒரு விரிசலின் தொடக்கம். சுவர் 1.5 மி.மீ. என்றால், உள்ளே அரை மி.மீ. கெட்டுப்போனால் மிச்சம் வேலை செய்வது 1 மி.மீ. மட்டுமே. இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்தப் பொருக்கு உதிர்ந்தால் நேரே டர்பைன் சக்கரத்தில்தான் போய் மோதும். அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிற சக்கரம். துணுக்கு சின்னதாக இருந்தாலும் பிளேடு முனையைக் கடித்துவிடும்.

இதற்கு வழி பேக் பர்ஜிங். பைப்பின் உள்ளேயும் ஆர்கானை நிரப்பி வைத்துக்கொண்டு வெல்டு செய்வது. திறந்த வாய்களை அலுமினிய டேப்பால் மூடி, தாழ்வான முனையில் கேஸை விட்டு, உயரமான முனையில் சின்ன ஓட்டை வைக்க வேண்டும். ஆர்கான் காற்றைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனம், அதனால் அடியிலிருந்து நிரம்பி, காற்றை மேலே தள்ளிவிடும். அவசரப்பட்டு உடனே ஆர்க் போடக் கூடாது. உள்ளிருக்கும் காற்று முழுக்க வெளியேறும் அளவுக்குக் கேஸ் பாய்ந்திருக்க வேண்டும். வெல்டு முடிந்த பின்னும் உலோகம் ஆறும் வரை விட வேண்டும். உள்ளே கேஸின் வேகமும் அதிகம் வேண்டாம், அழுத்தம் ஏறினால் உருகிய குளத்தையே ஊதித் தள்ளிவிடும். சரியாகச் செய்தால் உள்பக்கம் வெள்ளியாகவோ இளம் பொன்னிறமாகவோ இருக்கும். நீலம் வந்தால் சுமார். மங்கிய சாம்பல், கருப்பு என்றால் பர்ஜிங் நடக்கவில்லை. பர்ஜிங்குக்குப் பதிலாக உள்ளே தடவும் ஃபிளக்ஸ் பேஸ்ட் விற்கிறார்கள். அது கண்ணாடி மாதிரி ஒரு படிவை விட்டுச் செல்லும். சைலன்சர் பக்கம் பரவாயில்லை, டர்போவுக்கு முன்னால் அதை நான் வைக்கமாட்டேன்.

உங்களுடையது எப்படி இருக்கிறது என்று இன்றே பார்த்துவிடலாம். போனில் மாட்டும் எண்டாஸ்கோப் கேமராவை மேனிஃபோல்டின் ஹெட் பக்கத் துளை (போர்ட்) வழியாக விட்டுக் கலெக்டர் வரை பாருங்கள். இரண்டு பைப்பும் சேரும் கோடு இன்னும் கோடாகவே தெரிந்தால் வெல்டு உள்ளே இறங்கவே இல்லை. பொரபொரப்பாகத் தெரிந்தால் பர்ஜிங் இல்லை. மெல்லிய, வழுவழுப்பான மேடாக இருந்தால் மட்டுமே முழுசாக இறங்கியிருக்கிறது.

டார்ச் பிடிக்கும் பக்கத்திலும் சில விஷயங்கள் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. பைப்கள் இடைவெளியே இல்லாமல் பொருந்த வேண்டும். கிரைண்டரில் குத்துமதிப்பாக அறுத்துவிட்டு இடைவெளியை ஃபில்லர் ராடால் (வெல்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) நிரப்புகிற பழக்கம் ஸ்டெயின்லெஸ்ஸில் செல்லாது. அதிக ஃபில்லர் என்றால் அதிகச் சூடு, அதிகச் சுருக்கம், அதிக இழுவிசை. ஸ்டெயின்லெஸ் சூட்டைக் கடத்துவது மைல்டு ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான், கொடுத்த சூடு கொடுத்த இடத்திலேயே நிற்கும். மி.மீ.-க்கு ஏறக்குறைய 40 ஆம்பியர் என்பது ஒரு தொடக்கக் கணக்கு. ஒரே மூச்சில் சுற்றி முடிக்காமல் எதிரெதிர் பக்கமாகத் துண்டு துண்டாக வைத்து, அடுத்த பாஸுக்கு முன் 150 டிகிரிக்குக் கீழே ஆறவிட வேண்டும். 304-க்கு 308 எல் ராடு. ராடே இல்லாமல் பைப்பையே உருக்கி ஒட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வரிசை குழிந்து மெலிந்திருக்கும், விரிசலுக்கும் எளிதில் இடம் கொடுக்கும்.

வரிசையை முடிக்கும் விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சட்டென்று ஆர்க்கை நிறுத்தினால் கடைசிக் குளம் நடுவில் குழிந்து உறையும். அந்தக் குழிக்குள் நட்சத்திர வடிவில் பொடி விரிசல் வரும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைத்து, குழியை நிரப்பி, கேஸ் நிற்கும் வரை டார்ச்சை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். கலெக்டரின் கூர்முனையில் வரிசைகள் எல்லாம் முடிகின்றன என்றேன், அத்தனையும் அந்த முனையிலேயே முடிந்தால் அத்தனை குழிகளும் ஒரே இடத்தில். தெரிந்தவர்கள் வரிசையை முனையைத் தாண்டிக் கொண்டுபோய் வேறிடத்தில் முடிப்பார்கள். ரன்னர்களை ஒட்டுவதற்கு முன்பே கலெக்டரின் உள்பக்கத்திலிருந்து நடு முனையை வெல்டு செய்து முடித்துவிடுவார்கள். ரன்னர் ஏறிய பிறகு அங்கே டார்ச் போகாது.

சுத்தமும் முக்கியம். ஸ்டெயின்லெஸ்ஸுக்கென்று தனிக் கம்பி பிரஷ், தனி டிஸ்க் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோனால் துடைத்து, ஆவியாகும் வரை காத்திருக்க வேண்டும். குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு ஆர்கான் வெல்டிங் செய்யவே கூடாது. ஆர்க்கின் சூட்டிலும் ஒளியிலும் அது ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாகும், அது ஆளையே கொல்லக்கூடியது. பட்டறையில் வேலை செய்யும் பையன்களுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

அடுத்தது பைப் மெட்டீரியல். வெல்டர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்க வாய்ப்புண்டு. கைப்பிடி, கேட் செய்ய விற்கும் ஸ்டெயின்லெஸ் பைப் பல கடைகளில் 202 வகை. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவு ரகம். காந்தம் இரண்டிலும் பிடிக்காது என்பதால் காந்தம் வைத்துப் பார்த்து 304 என்று முடிவுகட்ட முடியாது. மாங்கனீஸைக் காட்டும் சொட்டு மருந்து கிட் பழைய இரும்புக் கடைக்காரர்கள் வைத்திருப்பார்கள், ஒரு சொட்டில் தெரிந்துவிடும். எக்ஸ்ரே கருவி வைத்திருக்கும் சோதனைக் கூடத்தில் கொடுத்தால் நிக்கல், குரோமியம் அளவே வந்துவிடும்.

அது உண்மையான 304 என்றாலும், தொடர்ந்து 900 டிகிரிப் பக்கம் ஓடும், அடிக்கடி ஆறும் வேலைக்கு அது எல்லையில் நிற்கிற உலோகம். விட்டு விட்டுச் சூடேறும் வேலையில் அதன் ஆக்ஸிடேஷன் வரம்பு 870 டிகிரி என்று போடுவார்கள். 425 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் கார்பன் குரோமியத்தைப் பிடித்துத் துகள் எல்லைகளில் படியும். அதைத் தவிர்க்கக் கார்பன் குறைந்த 304 எல் வாங்கச் சொல்வார்கள், ஆனால் அதிகச் சூட்டில் பலம் தருவதும் அதே கார்பன்தான். அதனால் மேனிஃபோல்டுக்கு எல் ரகம் என்பது பெரிய முன்னேற்றம் இல்லை. டைட்டானியம் சேர்த்த 321-தான் சரியான அடுத்த படி. அதற்கு 347 ராடு போடுங்கள், டைட்டானியம் ஆர்க்கைத் தாண்டி ஒழுங்காக வந்து சேராது என்பதால் நயோபியம் உள்ள ராடு. ரேஸ் உலகில் இன்கோனல் 625 என்ற நிக்கல் கலவை வரை போகிறார்கள், உங்கள் எஞ்சினுக்கு அது தேவையில்லை.

மைல்டு ஸ்டீலை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். ஐந்நூறு டிகிரியைத் தாண்டினால் செதில் செதிலாக உதிரத் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் குறைவாக நீளும், சூட்டைப் பரப்பும், உள்பக்கத்தில் காற்று பட்டாலும் ஸ்டெயின்லெஸ் அளவுக்குக் கெடாது. தடித்த சுவருள்ள சீம்லெஸ் (நெடுக்கு ஒட்டு இல்லாத) பைப்பில் செய்த குட்டையான லாக் மேனிஃபோல்டு (எல்லா போர்ட்டும் ஒரே நேர்க்குழாயில் சேரும் வகை), மெல்லிய 304-இல் நீட்டி வளைத்த மேனிஃபோல்டைவிட அதிக நாள் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். துரு பிடித்துப் பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் விரிசல் விடாது.

எனவே உங்களுக்கு என் பரிந்துரை, 1.5 மி.மீ. பைப்பை விட்டுவிடுங்கள். அந்தத் தடிமன் டர்போ தொங்காத சாதாரண ஹெடருக்கு (புகைக் குழாய்த் தொகுப்புக்கு) போதும். டர்போ சுமக்க ஷெட்யூல் 10 (சுவர்த் தடிமனைக் குறிக்கும் ரகம்) பைப்பும் அதே ரக எல்போவும் எடுங்கள். ஒன்றேகால் இஞ்ச் அளவில் சுவர் 2.77 மி.மீ. வரும், உள்விட்டம் 36 மி.மீ.-க்குச் சற்று மேல். 1.3 லிட்டருக்கு அது தாராளம். நான்கு ரன்னரும் சமநீளம் வேண்டும் என்று பாம்பு மாதிரி வளைக்காதீர்கள். இந்த அளவு எஞ்சினில் அதனால் கிடைக்கும் சக்தி சொற்பம், கூடும் வெல்டுகளோ அதிகம்.

ஃபிளாஞ்ச் 12 மி.மீ. தடிமனில் இருக்கட்டும். வெல்டு செய்யும்போது பழைய ஹெட்டிலோ தடித்த தகட்டிலோ போல்ட் போட்டு இறுக்கி வைத்து வெல்டு செய்து, முழுசாக ஆறிய பிறகே கழற்ற வேண்டும். அப்படியும் கொஞ்சம் வளையும், மில்லிங்கில் கொடுத்து முகத்தைச் சமமாக்குங்கள். ஓட்டும்போது ஃபிளாஞ்ச் ஹெட்டைவிட அதிகம் சூடாகும். 350 மி.மீ. நீள ஸ்டெயின்லெஸ் ஃபிளாஞ்ச் 400 டிகிரியில் 2 மி.மீ.-க்கு மேல் நீளும், கூலன்ட் ஓடும் ஹெட் அரை மி.மீ. அளவில்தான் நீளும். அதனால் நடு ஸ்டட்டுக்கு மட்டும் ஓட்டை இறுக்கமாக இருக்கட்டும், ஓரம் போகப் போக ஓட்டையைப் பெரிதாக்குங்கள். வெல்டிங் முடிந்த பிறகு போர்ட்டுகளுக்கு இடையே ஃபிளாஞ்சை அறுத்துவிடுவது இன்னும் நல்லது. மைல்டு ஸ்டீல் ஃபிளாஞ்சில் ஸ்டெயின்லெஸ் ரன்னர் என்றால் அந்த ஜாயிண்டுக்கு 309 எல் ராடு.

டர்போவின் எடையை மேனிஃபோல்டு மட்டும் சுமக்கக் கூடாது. எஞ்சின் பிளாக்கிலிருந்து ஒரு தாங்கி வேண்டும். பாடியிலிருந்து போடாதீர்கள், எஞ்சின் மவுண்டில் ஆடும்போது அதுவே மேனிஃபோல்டை உடைக்கும். தாங்கியும் விறைப்பாக இருக்கக் கூடாது, எடையைத் தாங்கிக்கொண்டே நீட்சிக்கு இடம் கொடுக்க வேண்டும், நீள ஓட்டை வைத்தால் போதும். உங்கள் படத்தில் டவுன் பைப்பில் (டர்போவிலிருந்து சைலன்சருக்குப் போகும் பைப்) பெல்லோஸ், அதாவது வளைந்துகொடுக்கும் மடிப்புக் குழாய், தெரியவில்லை. டர்போவுக்குப் பின்னால் ஒரு பெல்லோஸ் கண்டிப்பாக வேண்டும். முழு சைலன்சர் லைனும் இப்போது உங்கள் கலெக்டரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறது.

துணிப்பட்டை சுற்றியிருக்கிறீர்களே, அதைக் கழற்றிவிடுங்கள். சூடு வெளியேறாமல் உலோகம் புகையின் வெப்பத்தை நோக்கி இன்னும் ஏறும். ஹூடுக்குள் சூடு குறைய வேண்டுமானால் டர்போவுக்குப் போர்வையும், பக்கத்துப் பாகங்களுக்குத் தகட்டு மறைப்பும் போதும். டியூனிங்கையும் பாருங்கள். பூஸ்டில் (டர்போ காற்றை அழுத்தித் தரும்போது) இக்னிஷனை ரொம்பப் பின்தள்ளி வைத்தால் எரிதல் தாமதமாகிப் புகை அதிகச் சூட்டோடு வெளியே வரும். கலெக்டரில் கே வகை தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் சென்சார்) ஒன்றைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தால் ஊகம் தேவைப்படாது. அதைத் திருகி மாட்டும் பங்கின் வெல்டைக் கூர்முனைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இப்போதுள்ள மேனிஃபோல்டை மூன்றாவது முறை ஒட்டாதீர்கள். விரிசலைச் சுற்றி உலோகம் ஏற்கனவே ஆக்ஸைடு ஏறி, களைத்துப்போயிருக்கிறது. அதன் மேல் வைக்கும் வெல்டு ஊசி ஓட்டையோடுதான் வரும். சீசன் நடுவில் அவசரம் என்றால் கலெக்டரை முழுசாக அறுத்தெடுத்துப் புதிதாக வையுங்கள், அதுவும் பர்ஜிங்கோடு.

புதிதாகச் செய்யக் கொடுக்கும்போது அதே வெல்டரிடமே கொடுக்கலாம், கை இருக்கிறது. பர்ஜிங்குக்கு இரண்டாவது ரெகுலேட்டர் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அதே பைப்பில் ஒரு துண்டை ஒட்டச் சொல்லி, நெடுக்காக அறுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். வேலை முடிந்து வாங்கும்போது வாய்களைத் தகடு வைத்து அடைத்து, கொஞ்சம் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் கொண்ட டை பெனட்ரன்ட் ஸ்பிரே பெரிய வெல்டிங் சாமான் கடைகளில் கிடைக்கும். கலெக்டருக்கும் ஃபிளாஞ்ச் ஓரங்களுக்கும் அதை அடித்தால் முடி அளவு விரிசலும் சிவப்புக் கோடாக வெளியே வரும். மாட்டிய பிறகு முதல் இரண்டு மூன்று முறை சூடேறி ஆறியதும் ஸ்டட் நட்டுகளை ஆறிய நிலையில் மறுபடி டார்க் ரெஞ்சில் பாருங்கள். அந்தச் சாயச் சோதனையைச் சில டிராக் நாட்களுக்குப் பிறகு கலெக்டரில் மட்டும் இன்னொரு முறை செய்து, படத்தை எனக்கு அனுப்புங்கள்.